தறிக்காது

எங்கள் வீட்டுப் பின்னறையின் நடுவில் நின்று கை தட்டினால் சத்தம் கையோடு நின்றுவிடும், திரும்பி வராது. அப்படி ஓர் அறையைக் கட்டி முடிக்க என் வீட்டுக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அறை முடிந்தபோது அவருடைய காது போயிருந்தது. அறை வேலையால் போனதில்லை. காது அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. அது தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் சுவருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குக் குரல்தான் பிழைப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, வீரசோழன் வரைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு போகிற ஆட்டோவில் பெண் குரல் கேட்டால் பெரும்பாலும் அது நான்தான். ஜவுளிக்கடைத் திறப்பு, கண் பரிசோதனை முகாம், ஆட்டுச் சந்தை இடம் மாறியது, இன்னார் காலமானார், எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். கத்தரிக்காய் சொத்தை என்று நான் சண்டை பிடித்தால் காய்கறிக் கடைக்காரர் சிரிப்பார். "அக்கா, நீங்க திட்டுறதே விளம்பரம் மாரித்தான் இருக்கு" என்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஏறும். பொசுக்கென்று கோபம் வருகிற ஆள் நான். வந்த வேகத்தில் போயும் விடும்.

என் ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் கம்பு, சோளம்; பெய்யாவிட்டால் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு மைக்செட் போட வந்தவர்தான் இவர். மற்ற நாளில் தறி ஓட்டுவார், திருவிழாக் காலத்தில் மைக்செட். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசிக்க வேண்டிய வாத்தியார் அன்றைக்கு வரவில்லை. தைரியமாகப் பேசும் பிள்ளை என்று என்னைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எக்கோ இல்லாத மைக்கை மைக் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு தடவை சொன்ன பேர் கண்மாய்க்கரை வரைக்கும் நாலு தடவை கேட்க வேண்டும், அதுதான் கொடுத்தவருக்கு மரியாதை. நான் இரண்டு பேர் வாசித்ததும் இவர் எட்டி எக்கோவை அணைத்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். இவர் அசையவில்லை.

"குரல் நல்லாருக்கவுகளுக்கு எக்கோ எதுக்குங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தவள் நான். அடுத்த பொங்கலுக்கு நான் அருப்புக்கோட்டைக்காரி ஆகியிருந்தேன்.

வாக்கப்பட்டு வந்த தெருவில் வலப்பக்கம் விசைத்தறி, இடப்பக்கம் விசைத்தறி, எங்கள் வீட்டுப் பின்னறையிலும் அப்போது தறிதான். வந்த புதிதில் எனக்குத் தலை கிறுகிறுக்கும். உப்பு இருக்கிறதா என்று கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்துவேன். இவர் சிரிப்பார். "கத்தாத. வாய மட்டும் அசை, போதும்" என்பார். தறிக்காரர்கள் தறிக்குள் கத்த மாட்டார்கள். எதிராளியின் வாயைப் பார்த்தே முழுக்கதையும் பேசிவிடுவார்கள். நானும் பழகிக்கொண்டேன். தெருவின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் நிற்பவரிடம், சத்தமே இல்லாமல், "டீ குடிச்சீகளா" என்று என்னால் கேட்க முடியும்.

இதில் ஒரு வினை இருந்தது. அந்தத் தெருவில் யார் காது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே வராது. பாதிச் செவிடாகவே பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டும் திரும்பாதவரைப் பார்த்து, "என்னண்ணே, தறிக்காதா" என்று கேலி செய்வார்கள், அவரும் சிரித்துவிட்டுப் போவார். தறிக்காது என்பது எங்களுக்கு ஒரு நோயின் பெயர் இல்லை, கிண்டலுக்குச் சொல்கிற வார்த்தை.

தறி கட்டுப்படியாகாமல் போனபோது இவர் அதை விற்றுவிட்டு, பின்னறையில் கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்தார். விளம்பரம் பதிந்து ஆட்டோக்காரர்களுக்குப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் தொழில். முதல் நாள் பதிந்து கேட்டால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பின்னால் பக்கத்து வீட்டுத் தறி தாளம் போட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு அழுகை வராத குறை.

எல்லோரும் செய்கிற மாதிரி முதலில் புரோட்டாக் கடையில் முட்டை அட்டை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினார். சத்தம் ஒரு பொட்டும் குறையவில்லை. கரப்பான் பூச்சிக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம். அதையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் யோசனையாகவே இருந்தார். பிறகு ஒரு நாள் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"மூட்ட அடுக்கி வச்ச பஞ்சுக் கிட்டங்கிக்குள்ள நின்னு பேசியிருக்கியா? குரல் வாயோட நிக்கும். வெளிய போகாது."

அவ்வளவுதான். மில்லில் கழித்துப் போடும் பஞ்சை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். மரச்சட்டம் அடித்து, பஞ்சைத் திணித்து, மேலே கைத்தறித் துணியை இழுத்து ஆணி அடித்தார். பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு எதிராக இன்னொரு சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டார். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரைக்கும் பஞ்சுத் தூண். சனி மூலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அங்கேயும் ஏறியது. மைக்குக்கு நேர் மேலே கூரையிலிருந்து ஒரு பஞ்சுப் பலகையைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்கு மேகம் என்று பெயராம். "எங்க ஊருக்கு வராத மேகம் ஒங்க விட்டத்துலயாவது தொங்குதே" என்றேன். அவர் ஏணியில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அறைக்குள் எங்கும் முட்டாமல் அப்படியே அடங்கியது. அறை அன்றைக்கே சரியாகிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தா, நடுவுல நின்னு ஒருக்காத் தட்டு."

தட்டினேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலங்க."

"நல்லாக் கேளு. தட்டி முடிச்சப்பெறகு மணி மாரி ஒண்ணு இழுக்குது பாரு. மெல்லிசா, ஙொய்ங்னு."

"எனக்கு அப்பிடி ஒண்ணும் இல்லயே."

"ஒனக்கு எப்பிடிக் கேக்கும். இந்தத் தெருவுக்கு வந்து ஒனக்கும் தறிக்காது வந்துருச்சு."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலுக்குள், எந்தக் கம்பத்துக் குழாய் கிழிந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிற மனுசன். அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு என்னிடம்தான் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அந்த மணியைப் பிடிப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. ஜன்னல் கம்பி அதிர்கிறது என்று கம்பிக்குத் துணி சுற்றினார். மின்விசிறித் தண்டு என்றார், விசிறியையே கழற்றினார். வேர்த்து விறுவிறுத்து நான் விளம்பரம் வாசித்தேன். டியூப்லைட் போனது, மேசை இழுப்பறை போனது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் நான் நடுவில் நின்று தட்ட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு தலையை ஆட்டுவார், இருக்கிறது என்று.

கடைசியாக அவர் சந்தேகம் கண்ணாடி மேல் விழுந்தது. நான் நின்று பேசும் இடத்துக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு தடுப்பு, அதில் ஒரு கண்ணாடி. அதன் வழியாகத்தான் நான் பேசுவதைப் பார்த்துக்கொண்டே பதிவார். "இதுதான் மணி அடிக்குது" என்று அதைக் கழற்றி, அந்த இடத்திலும் பஞ்சுப் பலகையை அடைத்தார்.

அன்றைக்குப் பிடித்தது சண்டை. உள்ளே நின்று "அந்த வரிய மறுபடி சொல்லவா" என்று கேட்பேன். "ம், நல்லாருக்கு" என்பார். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்பேன். "சரி, ஆரம்பி" என்பார். ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் என் குரல் கெட்டுப்போனது. ஆட்டோவில் நானே என்னைக் கேட்டேன். ச வரும் இடமெல்லாம் ஊசி குத்தியது போல இருந்தது. ஒரு ஆட்டோக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, அக்கா குரல் காதக் குத்துதுன்னு கடைக்காரவுக சொல்றாக." இவர் குழாய் பழசு என்று சொல்லி அனுப்பிவிட்டார். தனக்கு மங்கலாகக் கேட்டதால் கீச்சுச் சத்தத்தை அவர் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். எனக்கு அது தெரியாது. வயதாகிறது, குரல் போய்விட்டது என்று அடுப்படியில் தனியாக நின்று அழுதேன்.

பிறகு அந்தத் துக்க அறிவிப்பு நடந்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். அவசரமாகப் பதிந்தோம். அவர் பெயரை ஓரிடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். உடனே, "ஏங்க, பேரத் தப்பாச் சொல்லிட்டேன், இத எடுத்துருங்க" என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டு மறுபடி சரியாக வாசித்தேன். இவர் "சரி" என்றார். ஆட்டோ போனது. அந்த ஊர்த் தெருத் தெருவாக என் தப்பும், "எடுத்துருங்க" என்று நான் கெஞ்சியதும், எல்லாம் சேர்ந்தே ஒலித்திருக்கிறது. காரியம் முடிந்து அவருடைய மகன் வந்தார். சத்தம் போடவில்லை. வாசலில் நின்று, "எங்கப்பா பேர ஒழுங்காச் சொல்லி அனுப்பியிருக்கலாமேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே வந்து ஆடித் தீர்த்துவிட்டேன். "எடுங்கன்னு சொன்னேன்ல. சரின்னு சொன்னீகள்ல."

"நீ சொல்லல. சொன்னா எனக்குக் கேட்டுருக்குமே."

"ஆமா, எனக்குக் காதும் போச்சு, இப்ப வாயும் போச்சு. கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்டக் காட்டுங்க."

கோபத்தில் சொன்னதுதான். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "நானும் அதத்தான் நெனச்சேன். மதுரைக்குப் போவோம். நீ பயப்படாத" என்றார். எனக்காக அவர் கண் கலங்கியிருந்தது.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் காது பார்க்க ஒரு சிறிய அறை இருந்தது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் வராது. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாள் அங்கே வேலை பார்க்கிற பெண். அமுக்கினேன். வெளியே வந்ததும், "ஒங்க காது நல்லா இருக்குக்கா. ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இவரைப் பார்த்து, "கேட்டீகளா, யாருக்குத் தறிக்காது" என்று கேட்கத் திரும்பினால், அவர் அந்த அறையின் கதவைத் தடவிக்கொண்டு நிற்கிறார். உள்சுவரில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, "உள்ள போய் உக்காருங்க சார். அப்பிடியே ஒங்களுக்கும் பாத்துருவோம்" என்றாள்.

உள்ளே போனார். ஓட்டை ஓட்டையாக இருந்த பலகையில் விரலை விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். நான் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் பட்டனை அமுக்கினால் இவள் பெட்டியில் ஒரு விளக்கு எரியும். தடித்த சத்தங்களுக்கு எரிந்தது. சத்தம் கீச்சாகிக் கீச்சாகி மேலே போகப்போக விளக்கு நின்றுவிட்டது. அவள் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். இவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கூட்டினாள்.

"வேடிக்க பாத்துக்கிட்டு மறந்துட்டாரும்மா. அமுக்கச் சொல்லு" என்றேன்.

"மறக்கலக்கா. அவருக்குக் கேக்கல" என்றாள்.

அவர் பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, சத்தம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. என் காதருகில் குனிந்து, "அருமையான ரூம். ஆனா பாரு, இவுகளாலயும் அந்த மணிய எடுக்க முடியல" என்றார்.

அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை.

டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார். அவர் சொல்வதெல்லாம் இவருக்குப் புரியவில்லை, வாய் தெரியவில்லையே. என்ன, என்ன என்று என் பக்கம் திரும்பினார். தறியில் நின்ற வருசங்கள் காதைத் தின்றுவிட்டன, போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கீச்சுக் குரல்கள், பெண்கள் பிள்ளைகள் பேச்சு, அதுதான் முதலில் மங்கும் என்றார். அந்த மணி காதுக்குள் தானாக அடிப்பது, வெளியே இல்லை, அமைதியான இடத்தில் இருந்தால் இன்னும் பெரிதாகக் கேட்கும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் அவர் பக்கம் திரும்பினேன். வாயை மட்டும் அசைத்தேன்.

"மணி ரூம்ல இல்லீங்க. ஒங்க காதுல இருக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நம்ம ரூமு எப்பவோ சரியாயிருச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் இரைச்சலுக்குள் அவர் நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் அருப்புக்கோட்டை வரைக்கும் கண்ணீர் நிற்கவில்லை. என்னைப் பெண் கேட்டு வரும்போது என் முகம்கூட அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை, குரலை வைத்துத்தான் தேடி வந்ததாகச் சொல்வார். அந்தக் குரல்தான் அவருக்கு முதலில் போயிருக்கிறது. எப்போது போனது, கடைசியாக என்ன பேசியது முழுசாகக் கேட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

காதில் மாட்டும் மிஷின் வாங்கினோம். "தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாரி இருக்க" என்று கழற்றி வைத்துவிட்டார். வற்புறுத்தினால் மாட்டுவார். பதிவு வேலையை நான் பழகிக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்பார். "இங்கன மூச்சு வாங்கிட்ட" என்று விரலை வைத்துக் காட்டுவார், சரியாக இருக்கும். ஆனால் அந்த அறைக்குள் அவரால் ரொம்ப நேரம் இருக்க முடியவில்லை. அவர் கையால் சத்தம் அடங்கிய அறை. அங்கே ஒரு சத்தமும் இல்லாததால் மணி மட்டும் அவரைப் போட்டு அடிக்கிறது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

போவது எங்கே என்றால், பக்கத்து வீட்டுத் தறிக்கூடத்துக்கு. எந்தச் சத்தம் வரக் கூடாது என்று இரட்டைச் சுவர் எழுப்பினாரோ, அதற்குள்ளேயே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மிச்சமிருக்கிற காதும் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் சண்டை போட்டேன், அழுதேன், தறிக்காரரையும் திட்டினேன். இவர் ஒரு நாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்.

"அங்க இருந்தாத்தாம்மா எனக்கு அமைதியா இருக்கு."

பஞ்சைச் சுருட்டிக் கொடுத்து, காதில் வைத்துக்கொண்டாவது இருங்கள் என்றேன். வைத்துக்கொள்கிறார். அறைக்கு அடைத்ததில் மிஞ்சிய பஞ்சுதான்.

மதியம் விளம்பரம் பதிந்து முடித்துவிட்டு அவரைக் கூப்பிடப் போவேன். வீட்டில் என்றால் ஒன்றுக்கு மூன்று தரம் கத்த வேண்டும். அவர் "என்ன" என்பார், நான் மறுபடி கத்துவேன், அவர் புரிந்த மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியாது. தறிக்கூட வாசலில் அந்தத் தொந்தரவு இல்லை. அந்த இரைச்சலில் அவருக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்ப்பார்.

"சாப்பிட வாங்க" என்று வாயை அசைப்பேன்.

"வாரேன்" என்பார் அவரும் அதே மாதிரி. பிறகு, எழுந்திருப்பதற்கு முன்னால், தினமும் கேட்பதைக் கேட்பார்.

"இன்னிக்கு ரூமு எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு. மணியே கேக்கல" என்பேன்.